எடை கூடினாலும் குற்றம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் முத்திரை ஆய்வாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு இனிப்பாக எழுத வராது. பணியில் இருந்தபோது இனிப்பாகப் பேசியதும் இல்லை. அதனால் கடைக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது, மேலதிகாரிகளுக்கு அதைவிடப் பிடிக்காது. ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டவர்களில் பாதிப் பேர் நிம்மதியில்தான் போட்டார்கள். எனக்குத் தெரியும்.

சட்டப் பிரிவுகளைப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். தராசை எப்படிச் சோதிப்பது, எங்கே முத்திரை குத்துவது, எதில் கையெழுத்துப் போடுவது எல்லாம் தெரிந்துதான் வருகிறீர்கள். கூடவே ஒரு வார்த்தையையும் தலையில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள்: குறைவு. காய்கறிக் கடையில் குறைவா, மீன் கடையில் குறைவா, பெட்ரோல் பங்கில் குறைவா. நாள் முழுக்கக் குறைவைத் தேடித் தேடிக் கண் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. மறுபக்கம் யானை நின்றாலும் தெரிவதில்லை. அப்படி நின்ற யானை ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் கடைத் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். என்னோடு ஒரு புது ஆய்வாளர். இன்ஜினியரிங் படித்தவர், சுறுசுறுப்பானவர். இன்று நல்ல அதிகாரியாக இருக்கிறார், அதனால் பெயர் வேண்டாம். அடுத்த தெருவில் ஒரு காயலாங்கடை. பழைய இரும்பு, செம்பு, பித்தளை, பேப்பர் எல்லாம் எடை போட்டு வாங்கும் பெரிய கடை. அதன் வாசலில் கூட்டம். நடுவில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"நாலு கிலோ எங்க? அத்த சொல்லு நீ. என் புருசன் ஸ்டேஷன்ல குந்திக்கினு கீறான். நீ இங்க டீ குடிச்சிக்கினு கீற."

கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"தோ பாரு, சும்மா கூவாத. உன் மூட்டய உன் எதிர்லதான எட போட்டேன். நீதான பாத்துக்கினு இருந்த?"

"பாத்துக்கினுதான் இருந்தேன். முள்ளு நடுவுலதான் நின்னுச்சு. அதான எனக்கு இன்னும் புரியல."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை நிறுத்தியது. ஏமாந்தவர்கள் பொதுவாக முள் சாய்ந்திருந்தது என்பார்கள், கையால் அமுக்கினான் என்பார்கள். தனக்கு எதிராகவே ஒருத்தி உண்மையைச் சொன்னால் அவளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உள்ளே போய் நான் யார் என்று சொன்னேன். அவளை ஓரமாக அழைத்து விவரம் கேட்டேன். பெயர் செல்வி. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை, மாடிப்படி கூட்டும் வேலை எல்லாம் அவள்தான். அங்கே பழைய லிஃப்டைக் கழற்றினார்கள். மோட்டாரிலிருந்து உரித்த செம்புக் கம்பிகளைக் கோணியில் கட்டி, லிஃப்ட் மெக்கானிக் தன்னுடைய கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். நாற்பத்து நாலு கிலோ. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார். முந்தின நாள் செல்வியும், மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டும் அவள் புருஷன் மணியும் மூட்டையை இந்தக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கடைச் சீட்டில் நாற்பது கிலோ.

நடுவழியில் வண்டியை நிறுத்தி நாலு கிலோவை வேறு எங்கோ போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் முடிவு கட்டிவிட்டார். இன்று காலையில் போலீசில் புகார். மணியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் நாலு கிலோ செம்பு வராவிட்டால் இரண்டு பேர் மீதும் திருட்டு வழக்கு.

"நாங்க எங்கயும் நிக்கல மேடம். சிக்னல்ல நின்னோம். அது கூட தப்பா?" என்றாள்.

கடைக்காரர் எங்களை மரியாதையாக எலக்ட்ரானிக் தராசுக்கு அழைத்துப் போனார். அதில் நம் முத்திரை இருந்தது, சான்றிதழ் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. சோதித்தோம். சுத்தம். ஒரு கிராம் கூடப் பிசகவில்லை.

"நம்மகிட்ட எல்லாமே கரெக்டா இருக்கும் மேடம். இன்னிக்கி நேத்தா கடை வெச்சிருக்கோம்?"

எனக்கு உறுத்தியது அந்தச் சுத்தம்தான். கடை முழுக்கத் துரு, எண்ணெய், கரி. அந்தத் தராசின் தட்டு மட்டும் கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரம் மாதிரிப் பளபளத்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். இரும்பு விட்டத்தில் ஒரு பெரிய பழைய தராசு தொங்கியது. அதன் சங்கிலிகள் தேய்ந்து மின்னின. கீழே கைப்பிடி வைத்த பத்துக் கிலோக் கற்கள் நாலு.

"இது எதுக்கு?"

"அதுவா, பழசு மேடம். கரண்டு போனா யூஸ் பண்றது."

"செல்வி, உன் மூட்டையை எதில் போட்டார்?"

"இதுலதான் மேடம். கரண்டு இருந்துச்சு. ஃபேன் ஓடிக்கினுதான் இருந்துச்சு."

புது ஆய்வாளர் வேலையில் இறங்கினார். ஒரு தட்டில் நாங்கள் வண்டியில் கொண்டுபோன பத்துக் கிலோ சோதனைக் கற்களில் ஒன்று, மறு தட்டில் கடைக்காரரின் கல். கடைக்காரரின் பக்கம் தொபுக்கென்று கீழே இறங்கியது. அடுத்த கல்லை வைத்தார். அதுவும் இறங்கியது. நாலும் இறங்கின. அவர் திருப்தியோடு என்னிடம் திரும்பினார்.

"குறைவு இல்லை மேடம். கூடத்தான் இருக்கு. தாராளமான ஆளுதான்."

கடைக்காரரும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர், "அப்போ இந்தம்மாதான் பொய் சொல்லுது" என்றார்.

சிரிக்காதீர்கள். உங்களில் பத்துப் பேரை அங்கே நிறுத்தியிருந்தால் எட்டுப் பேர் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"தம்பி, இவர் இங்கே விக்கிறவரா, வாங்குறவரா?"

"வாங்குறவர் மேடம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. மெதுவாகக் குனிந்து அந்தக் கல்லைத் திருப்பினார்.

மளிகைக் கடைக்காரரின் கல் கனமாக இருந்தால் நமக்கு அரிசி அதிகம் வரும். காயலாங்கடைக்காரரின் கல் கனமாக இருந்தால் நம் இரும்பு அவருக்கு அதிகம் போகும். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொன்னால் புரியும். ஆனால் குறைவைத் தேடியே பழகிய கண்ணுக்குப் புரியாது. முள் நேர்மையாக நடுவில் நிற்கும், தராசும் நேர்மையாகத்தான் இருக்கும். கல்தான் பொய் சொல்லும்.

கல்லின் அடியில் கறுப்புப் பெயின்ட் புதிதாக இருந்தது. வண்டிச் சாவியால் சுரண்டினேன். ஒரு விரல் கனத்துக்கு இரும்புத் தகடு பற்றவைத்திருந்தது. மேலே ஈயத்தில் நம் முத்திரை அப்படியே இருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒரு கிலோ கூடுதல். நாலு கல், நாலு கிலோ.

அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். கடைக்காரர் வாதாடவே இல்லை. டீ டம்ளரை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்புதான் மேடம். பசங்க எவனோ பண்ணிட்டான். அபராதம் எவ்ளோன்னு சொல்லுங்க, இப்பவே கட்டிடறேன். கல்லையும் எடுத்துக்கினு போங்க. நீங்க வெயில்ல எதுக்கு நிக்கணும்?"

புது ஆய்வாளர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். நமக்கு அதுதானே வழக்கம். குற்றம் ஒப்புக்கொண்டாயிற்று, அபராதம் வந்தாயிற்று, கல் பறிமுதல் ஆயிற்று. மாதக் கூட்டத்தில் ஒரு எண் ஏறும்.

அபராதம் கட்ட அவசரப்படுகிறவரைக் கண்டால் உட்காருங்கள். அவர் வேறு எதையோ காப்பாற்றுகிறார் என்று அர்த்தம். கடைக்காரரின் வாய் என்னோடு பேசியது, கண் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. வாசலில் லாரி. மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உருக்கும் பட்டறைக்குப் போகிற சரக்கு.

"செல்வி, உன் மூட்டை எது?"

அவள் லாரிப் பக்கம் ஓடினாள். "இதோ கீது மேடம், பச்ச துணி கட்டினது. என் பொடவய கிழிச்சி நான்தான் கட்டினேன்." அவிழ்க்காமல், ஏற்றுவதற்கு அடுத்ததாக நின்றிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நான் ரசீது போட்டுவிட்டுக் கல்லோடு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைக்காரர் திருடர் என்பது நிரூபணம் ஆகியிருக்கும். செல்வி திருடி இல்லை என்பது ஆகியிருக்காது. இந்தக் கற்கள் இன்று காலைதான் வந்தன, அந்த மூட்டையை வேறு கல்லில்தான் போட்டேன் என்று அவர் சொல்லியிருப்பார். மூட்டை உருகிப் போயிருக்கும். நம் அலுவலகத்துக்கு வெற்றி, அந்த வீட்டுக்கு ஜெயில்.

ரசீதுப் புத்தகத்தை வாங்கி மூடினேன்.

"லாரி இப்போ போகாது."

"மேடம், லோடு டைமுக்கு போவணும்."

"போகாது."

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து லாரிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டேன். கடைக்காரர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. என் மேலதிகாரி.

"என்னம்மா, அவர்தான் அபராதம் கட்டறேன்னு சொல்றாராமே? வாங்கிட்டு அடுத்த கடையைப் பாருங்களேன். எடை கூடுதலா இருக்குன்னு போய் யாராவது லாரியை மறிப்பாங்களா?"

"லாரியை விடுன்னு எழுத்துல அனுப்புங்க சார். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன், வாங்கிக்கறேன்."

உடனே லைன் துண்டானது. வாயால் சொல்வதற்குத் தைரியமாக இருப்பவர்கள் பேனாவைக் கேட்டால் காணாமல் போய்விடுவார்கள். இதையும் நினைவில் வையுங்கள்.

செல்வியின் போனிலிருந்தே செயலாளரைக் கூப்பிட்டேன். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நான் ஏம்மா காயலாங்கடைக்கெல்லாம் வரணும்? போலீஸ் பாத்துக்கும். யார்மேலயும் அபாண்டமா சொல்லலையே. நாலு கிலோ எங்க போச்சு, காத்துல கரைஞ்சுடுத்தா?"

"கரையலை சார். இங்கேதான் இருக்கு. வந்து கண்ணால பாத்துட்டுப் போங்க."

ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் தகவல் சொல்லியிருந்ததால் பின்னாலேயே காவல் நிலையத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் புல்லட்டில் வந்தார். "உங்களுக்கு வேற வேலை இல்லையா மேடம்" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். இதுதான் என் வேலை என்றேன்.

மூட்டையைச் செயலாளரிடமே காட்டச் சொன்னேன். பச்சைத் துணியைப் பார்த்து, குடியிருப்பில் எடை போட்டபோது பார்த்த மூட்டை இதுதான் என்று அவரே சொன்னார். முதலில் கடைக்காரரின் நாலு கற்களை ஒரு தட்டில் வைக்கச் செய்தேன், மூட்டையை மறு தட்டில். முள் நடுவில் நின்றது.

"இதைத்தானே நானும் சொல்றேன். நாப்பது" என்றார் செயலாளர்.

"இப்போ அந்தக் கல்லை எடுத்துட்டு எங்க கல்லை நீங்களே வைங்க சார்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைத்தார். நாலு பத்துக் கிலோ. மூட்டை கீழேயே கிடந்தது, அசையவில்லை. ஒரு கிலோக் கல்லைக் கையில் கொடுத்தேன். வைத்தார். இன்னொன்று. மூன்றாவதுக்கு மூட்டை லேசாக ஆடியது. நாலாவதை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது.

லாரி டிரைவர்கூட இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி போடலாமா?" என்றார் செயலாளர். போட்டோம். அதே கதை. அந்தப் பளபளக்கும் எலக்ட்ரானிக் தராசிலும் தூக்கி வைத்தோம். சிவப்பு எழுத்தில் நாற்பத்து நாலு என்று காட்டியது. என் வாழ்க்கையில் எத்தனையோ தராசுகளில் எத்தனையோ எண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்பத்து நாலைப் போல அழகான எண்ணைப் பார்த்ததில்லை.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நஷ்டம் எங்க அசோசியேஷனுக்குத்தான்" என்றார். முதலில் அதுதான் தோன்றியது அவருக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. "சரி சார், கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடுங்க. அவனை அனுப்பிடறேன். முடிஞ்சுது" என்று வண்டியைத் திருப்பினார்.

"வாபஸ் வேணாம் சார்" என்றாள் செல்வி.

"ஏம்மா, வுட்டா போதும்னு போவியா..."

"வாபஸ்னா இன்னா சார் அர்த்தம்? இவதான் எடுத்தா, பாவம்னு வுட்டுட்டாங்க. அப்டிதான பேசுவாங்க. அங்க எல்லா வூட்டு சாவியும் என்கிட்டதான் கீது. நாளிக்கி எவன் குடுப்பான்? எடதான் தப்பு, இவங்க எடுக்கலன்னு சார் வாயால சொல்லணும். எழுதியும் குடுக்கணும்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் சமாதானம் செய்வேன் என்று நினைத்தார் போல. "அந்தம்மா சரியாத்தான் கேக்கறாங்க" என்றேன். விட்டுவிடுவது வேறு, தப்பே இல்லை என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ ஏழைகளின் பெயர் காலம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் அதிகாரிகளுக்கு முதலாவதுதான் சுலபம். அதை ஒரு பெரிய மனசு மாதிரியும் செய்வார்கள்.

கடைக்காரரிடம் அபராதம் வாங்கவில்லை. கற்களையும் தராசையும் முத்திரை வைத்துப் பறிமுதல் செய்து, வழக்கை சைதாப்பேட்டை கோர்ட்டுக்கே கொண்டுபோனேன். கூடுதல் எடை எப்படிக் குற்றமாகும் என்று அவருடைய வக்கீல் கேட்டார். பதிலைச் சொல்ல அந்தப் புது ஆய்வாளரையே கூண்டில் ஏற்றினேன். பிரமாதமாகச் சொன்னார். தண்டனை ஆயிற்று. மேலதிகாரி அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மாதம் வேலை மிக நன்றாக நடந்தது.

காயலாங்கடையில் கல் பிடிபட்ட அந்த வாரமே நானும் புது ஆய்வாளரும் தி. நகருக்குப் போனோம். நகைக் கடைகளில் நீங்கள் வாசல் பக்கத்துக் கவுண்டரில் மில்லிகிராம் பார்த்துவிட்டுக் கூல்டிரிங்க் குடித்துவிட்டு வருகிறீர்கள். பழைய நகை வாங்கும் கவுண்டர் எங்கே என்று கேட்டதுண்டா? மாடியில் இருக்கும், அல்லது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும். அவசரத்துக்குத் தாலிக்கொடியை விற்க வருகிறவர்கள் அங்கேதான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். முதலில் அங்கே போங்கள். நாங்கள் போன ஒரு கடையில் விற்கும் தராசு ஒரு மாதிரியும் வாங்கும் தராசு வேறு மாதிரியும் பேசியது. அங்கே தேட வேண்டியது குறைவையா, கூடுதலையா என்பதை அன்று என்னோடு வந்தவர் யோசிக்கவே இல்லை. முதலில் யார் வாங்குகிறார் என்றுதான் கேட்டார்.

மறுபடி செல்விக்கு வருகிறேன்.

அன்று எல்லோருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். மணி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், எதற்கு என்று தெரியாமலேயே. செயலாளர் மேசையில் உட்கார்ந்து எழுதினார். நல்ல கையெழுத்து, வங்கிக்காரர் அல்லவா. எழுதிவிட்டுக் காகிதத்தை நீட்டினார். செல்வி வாங்கிக்கொள்ளவில்லை.

"படிங்க சார்."

அவர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத்தானே பேசுவது போலப் படித்தார். கடைக் கல்லில் எடை தவறு, மணியோ செல்வியோ எதையும் எடுக்கவில்லை, நான் விசாரிக்காமல் புகார் கொடுத்தது என் தவறு. அறையில் இருந்த மூன்று காவலர்களும், வேறு ஏதோ புகாரோடு வந்திருந்த ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா படிங்க சார்" என்றாள் செல்வி. "அவுருக்கு காது கொஞ்சம் மந்தம்."

செயலாளர் எழுந்து நின்று, முதலிலிருந்து, தெருவுக்குக் கேட்கும்படி படித்தார்.

மணி குழம்பிப் போய் அவள் பக்கம் குனிந்தார். "எனக்கு நல்லாத்தான கேக்குது?"

"நீ கம்முனு இரு" என்றாள்.